பிஜ்லியின் மூக்குக்கு எட்டாமல் நின்றது பற்றி

மட்டாஞ்சேரி காவல் நிலையத்தில், செவ்வாய்க்கிழமை மாலை, சப் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணபிரசாத் அவர்கள் முன்னிலையில் சிவில் போலீஸ் ஆபீசர் ஸ்ரீநாத் எழுதிக்கொண்டது.

என் பெயர் இசக்கிதுரை, வயது நாற்பத்தெட்டு, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் பக்கம், தற்போது இடப்பள்ளியில் வாடகை வீட்டில் மனைவி வசந்தியுடன் குடியிருந்து வருகிறேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இடப்பள்ளியில் ஒரு மாலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. படிக்க வராத எழுத்தின் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதால், தமிழ்நாட்டு எல்லையோரச் சித்தூர்க்காரரும் பள்ளியில் தமிழ் படித்தவருமான ஸ்ரீநாத் அவர்கள் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுகிறார். நான் வேகமாகப் பேசுகிறவன், கோபமும் சீக்கிரம் வரும். இருந்தாலும் இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலும் இல்லாமல், முழு நினைவோடு, இடது கன்னம் மட்டும் கொஞ்சம் வீங்கிய நிலையில் கொடுக்கிறேன்.

பஜாருக்குப் பின்சந்தில் குடியிருக்கும் சுக்கு வியாபாரி ஷௌகத் அலி என்பவரின் நாய்க்கு நான் விஷப்பொடி வைக்கப் பார்த்ததாகவும், அவருடைய மகள் ஹிஸானா என்பவரை வாராவாரம் பின்தொடர்ந்ததாகவும் என் மேல் புகார். விஷப்பொடி வைத்தேன் என்பது சுத்தப் பொய். பின்தொடர்ந்தது உண்மை, ஆனால் அந்தப் பெண்ணை அல்ல. அது விளங்க வேண்டுமானால் நாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்ரீநாத் அவர்கள் சம்பவத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார். நாய் இல்லாமல் சம்பவம் இல்லை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

ராணுவத்தில் குதிரைகளையும் நாய்களையும் பார்த்துக்கொள்ளும் படைப்பிரிவில் சேர்ந்து, மீரட்டில் பயிற்சி எடுத்து, வெடிகுண்டு தேடும் நாய்களுக்கு ஹேண்ட்லராக இருந்தேன். ஒரு நாய்க்கு ஒரு ஆள், அவன்தான் அதற்குச் சோறு, சீப்பு, மருந்து, எல்லாம். பிஜ்லியைக் குட்டியாக என் கையில் கொடுத்தார்கள். கறுப்பு லாப்ரடார், பெண். பிஜ்லி என்றால் இந்தியில் மின்னல், ஆனால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் மட்டும்தான் அது மின்னல், மற்ற நேரமெல்லாம் கல்யாண வீட்டுப் பெரியம்மா நடை. அந்த நடையோடு அது காஷ்மீரில் எத்தனையோ ரோடுகளில் எனக்கு முன்னால் போயிருக்கிறது. அது போன இடத்தில்தான் நான் கால் வைத்தேன், நான் கால் வைத்த இடத்தில்தான் பின்னால் வந்த பையன்கள் கால் வைத்தார்கள். அதனால்தான் இன்று இரண்டு காலோடு இந்த ஸ்டேஷனில் நிற்கிறேன்.

வேலைக்குப் போகும்போது நாயின் நெஞ்சையும் முதுகையும் சேர்த்து ஒரு பட்டை கட்டுவோம். பட்டை ஏறினால் வேலை தொடங்கியது என்று நாய்க்குத் தெரியும், அதன் பிறகு விளையாட்டு கிடையாது, மூக்கைத் தரையில் வைத்துவிடும். குண்டின் வாசனை கிடைத்தால் குரைக்காது, அந்த இடத்தைப் பார்த்தபடி அப்படியே உட்காரும். வேலை முடிந்ததும், பட்டையைக் கட்டின அதே ஆள் பட்டையை அவிழ்த்து, முடிக்கிற வார்த்தையைச் சொல்ல வேண்டும். பட்டையை மட்டும் அவிழ்த்தால் அது நாய்க்குக் கணக்கில்லை, டீ குடிக்க உட்கார்ந்த மாதிரிதான். வார்த்தை விழுந்தால்தான் வேலை தீர்ந்தது, பிறகு மண்ணில் புரளும், தூங்கும். மற்றவர்கள் அந்த வார்த்தையை இந்தியில் வைத்திருந்தார்கள். நான் தமிழில் வைத்தேன். 'போதும் தாயி' என்பேன். இதற்காக என் சுபேதாரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும் காலம் வந்தது, பிஜ்லிக்கு இன்னும் வேலை பார்க்கிற வயது இருந்தது. அதை ஏற்க வந்தவர் ஷமீர், மேற்படி ஷௌகத் அலியின் மகன். மட்டாஞ்சேரிப் பையன், வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம், அந்தக் குளிரில் என்னோடு தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். டீயை சாயா என்பார், நான் கேலி செய்வேன், அதற்காகவே இன்னொரு தடவை சாயா என்பார். நாயை மாற்றிக் கொடுக்கும்போது எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பழைய ஆள் நாயிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும். அதன் பிறகு, வேலையில் இருக்கிற அந்த நாயின் கண்ணிலோ காதிலோ மூக்கிலோ அவன் படவே கூடாது. பட்டால் நாய்க்கு மனசு இரண்டாகிவிடும், மனசு இரண்டான நாய் குண்டைத் தவறவிடும், தவறவிட்டால் சாகிறவன் புது ஆள். ஷமீர் என் வார்த்தைகளை என் தொனியிலேயே சொல்லிப் பழகினார், 'போதும் தாயி'யை நெல்லைக்காரன் மாதிரி சொல்லப்போய் முகாமே சிரித்தது. நான் கிளம்பும் அன்று, "அண்ணே, நீங்க பேடிக்காதீங்க. நீங்க தந்த ஒண்ணையும் நான் மாத்த மாட்டேன்" என்றார், பயப்படாதீங்க என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். நான் நாயைத் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினேன். அது தட்டை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகு நான் இடப்பள்ளியில் வேலையில் இருந்தபோது, பழைய ஹேண்ட்லர்களின் வாட்ஸ்அப் குழுவில், ரோடு சோதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில் மலையிலிருந்து மண் சரிந்து ஷமீர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பிஜ்லி மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்ததாகவும், ஒரு கல் உருண்டு இடுப்பில் அடித்தும் நகராமல் இருந்ததாகவும், பட்டையைப் பிடித்துத் தூக்கித்தான் கொண்டுபோக முடிந்தது என்றும் அங்கிருந்த ஒருவர் எழுதினார். நான் அப்போது மாலின் கார் பார்க்கிங்கில் டூட்டியில் இருந்தேன், ஒரு காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு இடுப்பு அடிபட்டதால் பிஜ்லியை வேலையிலிருந்து விடுவித்தார்கள், ஷமீரின் வீட்டார் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், வீட்டில் ஷமீரின் படத்துக்குக் கீழே அது பட்டையோடு உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றும் குழுவில் வந்தது. நல்ல இடத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தேனே தவிர, அந்தப் பட்டையை நான் அப்போது கவனிக்கவில்லை.

இடப்பள்ளிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு படகும்தான். ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று என் வார விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் நௌஷாத் என்பவரின் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஹிஸானா நாயைக் கூட்டிக்கொண்டு பஜார் ரோட்டில் வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

பிஜ்லி வாக்கிங் வரவில்லை. அது வேலை பார்த்துக்கொண்டு வந்தது. மூக்கு தரையில், ரோட்டின் இந்த ஓரம், அந்த ஓரம், கைவண்டி, அரிசி மூட்டை, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர், மூடிக் கிடந்த கோடவுன் வாசல், ஒன்று விடாமல் தேடிக்கொண்டு, இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் "வா பிஜ்லி, வீட்டுக்குப் போலாம், வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வராது. மூட்டையைப் பார்க்காமல் எப்படி வரும்? முதுகில் ஷமீரின் பட்டை இருந்தது. நாய்க்குப் பட்டை எதற்கு என்று நௌஷாத்திடம் கேட்டேன். "ராவிலே தொழுகை கழிஞ்சா பெரியவர் சொந்தம் கையால கெட்டும். மோன்டெ ஓர்மை அல்லே சேட்டா" என்றார். மகனுடைய நினைவாகத் தகப்பனார் தினமும் காலையில் தம் கையாலேயே கட்டுகிறார் என்று அர்த்தம். படுக்கிற நேரத்தில் கழற்றிப் படத்துக்குக் கீழே மாட்டிவைப்பாராம். அந்த வீட்டில் யாருக்கும் வார்த்தை தெரியாது. ஷமீர் சொல்ல வேண்டிய நேரத்தில் மண்ணுக்குக் கீழே இருந்தார். ஆக, அந்த மலையில் தொடங்கின டூட்டியை பிஜ்லி இன்னும் முடிக்கவில்லை.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று எஸ்.ஐ. அவர்கள் கேட்டார். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு செவ்வாயும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படகு ஏறினேன். ஆனால் வேலையில் இருக்கிற நாயின் முன்னால் நான் போகக் கூடாது. போனால் அது என்னிடம் ஓடிவந்துவிடும். மகனைக் கொடுத்த வீட்டில் மிச்சம் இருக்கிறது அந்த நாய் ஒன்றுதான், அதன் மனசையும் நான் பிடுங்கிக்கொண்டு போவதா? இன்னொன்றும் இருக்கிறது. பெற்ற தகப்பனிடம் போய், உன் பிள்ளையின் பட்டையை அவிழ்த்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. நாய் ஓய்வெடுக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும், அதற்கு வழி தெரியாமல் வாராவாரம் போய் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பவுடர் விஷயம் இதுதான். நாயின் மூக்கில் படாமல் நிற்க வேண்டுமானால் காற்று நாயின் பக்கத்திலிருந்து நம் பக்கம் வீச வேண்டும். சாயங்காலத்தில் கடல்காற்று மேற்கிலிருந்து வரும், அதனால் கிழக்கே படகுத்துறைப் பக்கம் நின்றால் சரி. ஆனால் மட்டாஞ்சேரிச் சந்துகளில் காற்றுக்கு ஒழுங்கு கிடையாது, ஒரு கோடவுன் சுவரில் முட்டி அடுத்த சந்தில் திரும்பி வரும். ஆகவே முகப்பவுடரைக் கொஞ்சம் கொட்டி அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் நிற்பேன். பட்டாளத்தில் எல்லா ஹேண்ட்லரும் செய்கிறதுதான், சட்டைப்பையில் எப்போதும் டப்பா இருக்கும். என் மனைவி வசந்தி இதைப் பார்த்துவிட்டு, "நாயப் பாக்கப் போறேன்னு ஒருத்தன் வாராவாரம் பவுடர் டப்பாவோட கெளம்புதான், எந்தப் பொம்பள நம்புவா?" என்றாள். அவள் நம்பினாள், இருந்தாலும் சொன்னாள். அவள் சொன்னதை அப்போதே யோசித்திருந்தால் கன்னம் வீங்கியிருக்காது.

இன்று மாலை நான் படகுத்துறைச் சந்தில் ஒரு பழைய அரிசி கோடவுன் மூலையில் நின்றிருந்தேன். மழை மூட்டமாக இருந்தது. பவுடரைக் கொட்டினேன், அது பஜார் ரோட்டுப் பக்கம், அதாவது நாய் வரும் பக்கம் பறந்தது. காற்று மாறிவிட்டது என்று பதறி எதிர்ச்சுவருக்கு ஓடி அங்கே கொட்டினேன், அதுவும் சரியில்லாமல் இன்னொரு வாசலில் போய்க் கொட்டினேன். அந்தச் சந்தில் போன மாதம் யாரோ சோற்றில் விஷம் வைத்துத் தெருநாய்கள் செத்துப் போயிருக்கின்றன, ஆட்கள் கொதித்துப்போய் இருந்திருக்கிறார்கள், இது எனக்குத் தெரியாது. நௌஷாத் கடையிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து, "எந்தாடா இது? எந்தா இட்டது?" என்று, என்ன போட்டாய் என்று கேட்டுக் கத்தினார். கூட்டம் சேர்ந்தது. இந்த ஆளை ஒவ்வொரு செவ்வாயும் பார்க்கிறோம், ஷௌகத் அலி மகளின் பின்னாலேயே போகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

கையை எடுடா என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் எடுத்திருப்பார்கள், என் குரல் அப்படி. ஆனால் அதே நேரத்தில் சந்து முனையில் ஹிஸானாவும் பிஜ்லியும் திரும்புவதைப் பார்த்துவிட்டேன். என் குரல் அதன் காதில் விழக் கூடாது. ஆகவே குனிந்துகொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் சொல்லாததால் குற்றவாளிதான் என்று முடிவு செய்து ஒருவர் அறைந்தார். யார் என்று தெரியும், பெயர் சொல்ல மாட்டேன், அவர் பிறகு எனக்கு ஐஸ் கட்டியும் சாயாவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அடி வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. ஆனால் எனக்குப் பயமெல்லாம் காற்றின் மேல்தான் இருந்தது. பிஜ்லி அந்த இடத்தில் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்ததாக ஹிஸானா பிறகு சொன்னார். அதற்குள் போலீஸ் ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டது, ராணுவத்தை விட்ட பிறகு ஒரு ஜீப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இன்றுதான்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் என்னை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். புகார் கொடுக்க ஷௌகத் அலியும் ஹிஸானாவும் வந்தார்கள், வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நாயையும் கூட்டிவந்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அதன் நகம் தரையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் தலைக்குப் பின்னால் சுவர் ஃபேன் வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, "சார், மொதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றேன்.

"எந்தினு?" என்று காரணம் கேட்டார் எஸ்.ஐ.

"வெளிய என் நாய் இருக்கு சார். இல்ல, அவங்க நாய்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் ஃபேனை நிறுத்தினார். டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "பவுடர் தன்னே" என்று ஸ்ரீநாத்திடம் சொன்னார். அதன் பிறகு அந்தப் பெண்ணை ஏன் பின்தொடர்ந்தாய் என்று கேட்டார். தொடரவில்லை என்றேன். அந்தப் பெண் இன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உயரமா குட்டையா? தெரியவில்லை. நாயைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். இடது பின்னங்கால் போன வாரத்தைவிட இன்று அதிகமாக இழுக்கிறது, வலது காதின் நுனியில் கம்பி கிழித்த பழைய வெட்டு இருக்கிறது, முதுகுப் பட்டையின் இரண்டாவது கொக்கி தேய்ந்து போயிருக்கிறது, அதை மாற்றாவிட்டால் தோலில் உரசும் என்று சொல்லிக்கொண்டே போனேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹிஸானா, "அத்தா, இந்தாளு என்னைப் பாக்கவே இல்லை" என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இசக்கி அண்ணனா? ஷமீர் இக்கா போன் பண்ணும்போதெல்லாம் சொல்லும், திருநெல்வேலி அண்ணன், திருநெல்வேலி அண்ணன்னு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு எஸ்.ஐ. அவர்கள் ஷௌகத் அலியை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். வெள்ளைத் தாடி, சுக்குத் தூசி படிந்த சட்டை, ஷமீரின் மூக்கு அப்படியே. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"எந்த வேலை? அது வீட்டில சும்மாதானே இருக்குது" என்றார் அவர்.

"சும்மா இல்ல ஐயா. காலைல நீங்க பட்டையைக் கட்டுறீங்க, அது வேலைக்குப் போயிட்டோம்னு நினைக்குது. பஜார் பூரா குண்டு தேடுது. ராத்திரி பட்டையைக் கழட்டுறீங்க, ஆனா முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லல. அது காத்துக்கிட்டே இருக்கு."

அவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "அது என் மோன் கெட்டின பட்டை. அவன் இருந்தா எப்படி இருக்குமோ அப்படி நான் அதைக் கொண்டு நடக்கிறேன். அதை அவுக்கச் சொல்ல நீ யாரு?"

"யாரும் இல்ல ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது.

ஹிஸானா வாசலில் நின்றபடி, "அத்தா, ராத்திரியில அது படுக்கிறதே இல்லை. கதவுப் பக்கம் உட்கார்ந்துதான் உறங்குது. ஒரு சத்தம் கேட்டா எழுந்து பட்டை மாட்டியிருக்கிற இடத்துக்குப் போயிடுது. வயசுன்னு நாமளே சொல்லிக்கிட்டோம்" என்றார். பெரியவர் மேசையில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு, "அந்த வாக்கு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. "நீயே போய்ச் சொல்லு. உன் நாய்தானே" என்றார். நான் முடியாது என்றேன். இன்று காலையில் பட்டையைக் கட்டினது யாரோ அவர்தான் அவிழ்க்க வேண்டும், அவர்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அது என்னுடைய வேலையாகிவிடும் என்றேன்.

அவர் வராந்தாவுக்குப் போனார். நான் உள்ளறையிலேயே, நிறுத்திய ஃபேனுக்குக் கீழே இருந்தேன். முதல் கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது, இரண்டாவது கொக்கி தேய்ந்தது என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். முதல் தடவை 'போதும்' என்பதற்குப் பிறகு அவர் வாயில் வேறு ஒரு பெயர் வந்துவிட்டது. எந்தப் பெயர் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஸ்ரீநாத் அவர்களும் எழுதவில்லை. இரண்டாம் தடவை சரியாக, "போதும் தாயி" என்றார். நான் மீரட்டில் கற்றுக்கொடுத்த தொனி இல்லை, ஷமீர் பழகிய தொனியும் இல்லை, ஆனால் நாய்க்கு அது போதுமாக இருந்தது. பிஜ்லி உடம்பை உதறிக்கொள்கிற சத்தம், காது இரண்டும் தலையில் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு பெரிய மூச்சு. ஸ்ரீநாத் எட்டிப் பார்த்துவிட்டு, "கிடந்நு" என்றார். எப்படிப் படுத்திருக்கிறது என்று கேட்டேன், ஒருக்களித்து நாலு காலையும் நீட்டிக்கொண்டு என்றார். எஸ்.ஐ. அவர்கள் போன் பேசப் போவதுபோல் வெளியே போனார், போன் மேசையில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஹிஸானா பட்டையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, வேலையில இருக்கிற நாய் முன்னாடி பழைய ஆள் வரக் கூடாது, அதுதானே உங்க முறை?"

"ஆமாம்மா."

"இப்ப அது வேலையில இல்லையே."

இத்தனை செவ்வாய்க்கிழமை படகு ஏறினவனுக்கு இது தோன்றவே இல்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் என்னைத் தாண்டிப் போய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. வராந்தாவில் ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகு நகம் தரையில் உரசியது, ஒரு கால் இழுக்கிற உரசல், அவசரமில்லாமல். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அது வாசலில் வந்து நின்றது. முகத்தில் நரை விழுந்திருந்தது. ஓடி வரவில்லை, குதிக்கவில்லை, நேராக வந்து என் இடது கையை முகர்ந்தது, பிறகு வலது கையை, பிறகு பவுடர் இருந்த சட்டைப்பையை, பிறகு முகத்தைக் கொண்டுவந்து என் முழங்காலில் வைத்துக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னது. நான் என்ன சொன்னேன் என்று ஸ்ரீநாத் அவர்கள் கேட்கிறார். பேருக்கு ஏற்ற மாதிரி ஓடி வராமல் இப்படியா வருவது என்று திட்டினேன். அழுதுகொண்டுதான் திட்டினேன், அதையும் எழுதலாம்.

அதன் பிறகு பிஜ்லி திரும்பிப் போய் ஷௌகத் அலியின் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. என்னோடு வந்துவிடும் என்று நான் பயந்தேனே, அது வரவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஷௌகத் அலி தமது புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இருந்தாலும் பொது இடத்தில் குழப்பம் நடந்ததால், இனிமேல் மேற்படி வீட்டின் பக்கமோ மேற்படி நாயின் பக்கமோ வர மாட்டேன் என்று ஒரு வரி இங்கே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சரி என்றேன். பக்கத்தில் இருந்த ஷௌகத் அலி சரியில்லை என்று சொல்லி, அந்த வரியை அடிக்கச் சொன்னார். எஸ்.ஐ. அவர்களின் அனுமதியோடு அது அடிக்கப்பட்டது, அடித்தல் என் அறிவுக்கு உட்பட்டது. அதற்குப் பதிலாக ஷௌகத் அலி சொல்லி எழுதப்பட்டது பின்வருமாறு: செவ்வாய்க்கிழமைகளில் மேற்படி இசக்கிதுரை என் வீட்டுக்கு வாசல் வழியாக வர வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி.

பவுடர் டப்பாவைத் திருப்பித் தந்தார்கள். அதை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டேன்.

இதில் உள்ளதெல்லாம் என் வாயால் சொன்னது, ஸ்ரீநாத் அவர்கள் வாசிக்கக் கேட்டு, நானும் ஒரு தடவை தமிழில் படித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சு. இசக்கிதுரை, ஹவில்தார், ஓய்வு

அடித்த வரிக்குப் பக்கத்தில்: ஷௌகத் அலி